மஞ்சள் கடவையில் ஒரு ஹோர்ன்

கடந்த மாதம் கொழும்பு, காலி வீதியின் மஞ்சள் கடவையொன்றில் ஒரு மூதாட்டிக்காக என் காரை நிறுத்தினேன். பின்னால் வந்த தனியார் பஸ்ஸின் சாரதி ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. என்னை நகரச் சொல்லி எழுப்பப்பட்ட அவ்வொலியைத் தனக்கான கட்டளையென எண்ணிய அந்த அம்மா, பாதி வழியில் திகைத்து நின்று, பின் வந்த வழியே திரும்பினார். எனது காருக்கும் நடைபாதைக்கும் இடையால் நுழைந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவர் பிழைத்தது தெய்வாதீனம்.

"ஹோர்ன் அடிக்காமல் இந்த நாட்டில் வாகனம் ஓட்ட ஏலாது" என்பார்கள் சாரதிகள். கடுகண்ணாவை ஏற்றத்திலும், எல்லையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வளைவுகளிலும் ஹோர்ன் அடிக்காதவனே குற்றவாளி; அதை நான் மறுக்கவில்லை. 1968 ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும் விபத்தைத் தவிர்க்கும் எச்சரிக்கைக்காகவும், நகர்ப்புறத்துக்கு வெளியே முந்திச் செல்வதை அறிவிக்கவும் மட்டுமே அதனை அனுமதிக்கிறது. பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையோ, பிறரால் ஆபத்து நேர்ந்தாலன்றி, நின்றுகொண்டிருக்கும் வாகனத்திலிருந்து ஹோர்ன் அடிக்கவே கூடாதென்கிறது.

இங்கே நடப்பதென்ன? சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறுமுன்னரே பின்னாலிருந்து கூச்சல். வைத்தியசாலை மதிலோரத்திலும் அதே கூச்சல். ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உயர் நீதிமன்றம் 2007 இல் கடிவாளமிட்டது; நள்ளிரவில் கேற்றைத் திறக்கச் சொல்லி வீதியையே எழுப்பும் கனவான்களுக்குக் கடிவாளமிடுவார் யார்? (பீத்தோவனை ஒலித்தபடி வரும் பாண் முச்சக்கர வண்டிக்காரரை மன்னித்துவிடலாம். அவரிடம் பாணாவது கிடைக்கும்.)

2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டியிருந்த அனுமதியற்ற மேலதிக உபகரணங்களைக் கழற்றப் புறப்பட்டபோது பஸ் உரிமையாளர்கள் முறுகினர். கழற்றுவது நல்லதே. ஆயினும் சட்டப்படி பூட்டிய ஹோர்னாலும் ஒரு கிழவியை விரட்டலாம். மஞ்சள் கடவையில் நிறுத்தியவனை ஹோர்ன் அடித்து நகர்த்துவது, அங்கு நிறுத்தாமற் செல்வதற்கு ஒப்பான குற்றம். அதற்கும் அவ்விடத்திலேயே தண்டப் பத்திரம் எழுதப்படல் வேண்டும்.

அன்று நான் காரை எடுத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். மூதாட்டி புறப்பட்ட இடத்திலேயே, பையை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்காக வேறெவரும் நிறுத்தவில்லை.