புரத ஆராய்ச்சி யார் பிள்ளைகளுக்கு?

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு "பயோ வாஷ்" என்பது புதிய வார்த்தையல்ல. பின்னல் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிரை நீக்கி வழவழப்பாக்குவதற்கு ஒரு மருந்தை மிஷினில் ஊற்றுகிறார்கள். அந்த மருந்து என்ன? செல்லுலேஸ் என்னும் என்சைம்; அதாவது ஒரு புரதம். துணியை வெளுத்த பிறகு மிச்சமிருக்கும் பெராக்சைடை முறிப்பதற்குப் போடுகிற கேட்டலேஸ் என்பதும் ஒரு புரதமேயாகும். ஆகவே புரதம் என்பது பருப்பிலும் முட்டையிலும் மாத்திரம் இருக்கும் வஸ்துவல்ல. நமது தொழிலாளி தினந்தோறும் கையாளும் சாமானுமாகும்.

இந்தச் செல்லுலேஸ் எந்த ரிஷியின் தவத்தினால் கிடைத்தது? இரண்டாவது உலக யுத்தத்தில் பசிபிக் தீவுகளிலிருந்த அமெரிக்கப் பட்டாளத்தின் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் இற்றுப்போயின. நம் நாடாயிருந்தால் தோஷம் என்று சொல்லிச் சாந்தி கழித்திருப்போம். அவர்களோ துணியைத் தின்ற பூஞ்சையைச் சாலமன் தீவுகளிலிருந்து எடுத்துப் போய்ச் சோதனைச் சாலையில் வளர்த்து, அது எந்தப் பொருளைக் கொண்டு பருத்தியைக் கரைக்கிறது என்று பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சியை நடத்திய எல்வின் ரீஸ் என்பவரின் பெயரையே அப்பூஞ்சைக்கு "டிரைகோடெர்மா ரீசி" என்று வைத்தார்கள். பருத்திக்குச் சத்துருவாக வந்த பூஞ்சையே இன்று பருத்திக்கு மெருகேற்றும் என்சைமைத் தருகிறது. தோஷம் கழித்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

நிற்க, உயிரணுவுக்குள் எந்தெந்தப் புரதம், எவ்வளவு, எப்பொழுது உண்டாகிறது என்பதை மொத்தமாக எடுத்து ஆராய்கிற சாஸ்திரத்திற்குப் புரோட்டியோமிக்ஸ் என்று பெயர். மனிதனுக்குப் புரதம் செய்யும் ஜீன்கள் ஏறக்குறைய 20,000 இருக்கின்றன. கம்பளிப்புழுவுக்கும் அது மாறி வரும் பட்டாம்பூச்சிக்கும் ஜீன்கள் ஒன்றே. புரதங்கள் மாறுவதினாலேயே ஒன்று ஊர்கிறது, ஒன்று பறக்கிறது. நம் உடம்பில் தலையும் காலும் ஒரே கருவணுவிலிருந்து உண்டானவையே. ஒரு அணு என்ன வேலை செய்யப்போகிறது என்பது அது இருக்கிற இடத்தையும் அதற்குக் கிடைக்கிற சூழ்நிலையையும் பொறுத்தே பெரிதும் அமைகிறது. ஆனால் தலையிலிருந்து ஒருவனும் காலிலிருந்து ஒருவனும் பிறந்ததாக இன்னமும் ஓதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை மாத்திரம் நம்பத்தான் செய்கிறார்கள்!

2014-ல் மனிதப் புரதங்களின் முதல் நகல் படங்களில் ஒன்று நேச்சர் பத்திரிகையில் வெளியாயிற்று. 17,294 ஜீன்களின் புரதங்களை அதில் காட்டினார்கள். அதில் உழைத்தவர்களில் பலர் பெங்களூர் பயோஇன்பர்மேட்டிக்ஸ் கழகத்தைச் சேர்ந்த இளம் ஆராய்ச்சியாளர்கள். ஆகவே இது வெள்ளைக்காரனுக்குத்தான் வரும் என்று சொல்வதற்கு இடமில்லை. திருப்பூரிலிருந்து ஒரு இரவு ரயில் தூரத்தில் நடந்த வேலை இது. அப்படியிருக்க அந்த ரயிலில் நம் பிள்ளைகள் ஏன் ஏறுவதில்லை என்பதே நமது கேள்வி.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் என்கிற கருவி கோடிக்கணக்கில் விலையாகிறது. ஒரு சாதாரணக் காலேஜ் அதை வாங்க முடியாது. ஆனதினால்தான் பெங்களூர் சி-கேம்ப் போன்ற இடங்களில் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யின் புரோட்டியோமிக்ஸ் பாடங்களை என்.பி.டி.இ.எல். மூலம் வீட்டிலிருந்தே காசில்லாமல் கேட்கலாம். விஞ்ஞான அக்காடமிகள் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோடை கால ஆராய்ச்சிச் சம்பளம் கொடுக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். பரீட்சையில் ஜே.ஆர்.எப். தேறி ஆராய்ச்சியில் சேர்ந்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் உண்டு. பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டும் எத்தனையோ தகப்பன்மாருக்கு இவ்வளவு மாத வருமானம் கிடையாது!

ஆனால் இந்தச் சங்கதி சிக்கண்ணா அரசு காலேஜிலும் எல்.ஆர்.ஜி. பெண்கள் காலேஜிலும் படிக்கிற எத்தனை பிள்ளைகளின் வீட்டுக்குத் தெரியும்? விஞ்ஞானி வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேஜையிலேயே இது தெரிந்துவிடுகிறது. செக்கிங் வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கோ, பி.எஸ்ஸி. முடிந்ததும் "கம்பெனிக்குப் போகிறாயா, கலியாணம் செய்துகொள்கிறாயா?" என்ற இரண்டே கேள்விகள்தான் காத்திருக்கின்றன. சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, தாலிக்குப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்களை மில் விடுதிகளில் அடைத்த பிரதேசமல்லவா இது!

அன்றியும், அந்தச் சி.எஸ்.ஐ.ஆர். பரீட்சையின் கேள்வித்தாள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மாத்திரமே இருக்கிறது. ஹிந்திக்காரன் தன் தாய்மொழியில் கேள்வியைப் படிக்கலாம். தமிழன் படிக்கக் கூடாது. பிறகு "தகுதி, திறமை" என்று பேசுவது எவ்வளவு அயோக்கியத்தனம்? ஒருவன் தோளில் மூட்டையை ஏற்றி, மற்றவனை வெறுங்கையோடு ஓடவிட்டு, முந்தினவனுக்கு மாலை போடுவதற்குப் பெயர் பந்தயமா? வகுப்புவாரி உத்தரவு வந்த காலத்திலும் இதே தகுதிக் கூச்சல்தான். 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று சொன்ன பிறகு, அதே வருஷத்தில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. அவ்விதம் படித்து வந்தவர்களால் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள் பாழாகிவிட்டனவா?

பணம் இல்லை என்பார்கள். இந்தியா தன் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பங்குகூட ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை என்பது வாஸ்தவமே. ஆனால் இருக்கிற பணம் எங்கே போகிறது? 2020-ல் இந்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவே நாட்டுப் பசுவின் பால், சாணம், மூத்திரம் இவற்றின் மகிமையை ஆராய விண்ணப்பம் கேட்டது. 500-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் அதை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். பசுவை ஆராயக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. முடிவை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு ஆராய்வதற்குப் பெயர் ஆராய்ச்சியல்ல, ஆராதனை என்கிறோம். இன்னொரு பக்கம், சிறுபான்மை மாணவர்களின் ஆராய்ச்சிக்கென்றிருந்த மௌலானா ஆசாத் உதவிச் சம்பளத்தை 2022-ல் நிறுத்தினார்கள். மூத்திரத்திற்குத் திட்டம், முஸ்லிம் பிள்ளைக்குக் கதவடைப்பு!

திருப்பூர் முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டொன்றுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை வெளிநாடு போகிற ஊர் இது. 2011 ஜனவரியில் நொய்யல் கெட்டதற்காகச் சென்னை ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அப்போது எந்தச் சாமி வந்து கழிவு நீரைச் சுத்தம் செய்தது? சுத்திகரிப்பு இயந்திரந்தானே செய்தது? சாயத்தைத் தின்னும் கிருமி எது, அது எந்தப் புரதத்தால் தின்கிறது என்று தேடுவது உங்கள் தொழிலுக்கே லாபமான காரியம். ஒரு கும்பாபிஷேகத்திற்கு எழுதும் நன்கொடையில் எத்தனை பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்: ஆராய்ச்சிச் சம்பளப் பரீட்சைக் கேள்விகள் தமிழிலும் இருக்க வேண்டும். இவ்வறிவிப்புகள் ஒவ்வொரு அரசு காலேஜிலும் தமிழில் ஒட்டப்பட்டு, விண்ணப்பம் எழுத உதவியும் கிடைக்க வேண்டும். பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு, முக்கியமாகப் பெண்ணுக்கு, ரயில் செலவும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். பெற்றோர்களே! உங்கள் பெண் மேலே படிக்க வேண்டும் என்றால் ஜோசியனிடம் ஜாதகத்தை நீட்டாதீர்கள். காலேஜ் ஆசிரியரிடம் விண்ணப்பப் பாரத்தைக் கேளுங்கள். புரதத்தைத் தொட்டியில் ஊற்ற மாத்திரம் நம் கை, அதை ஆராய வேறொருவன் மூளை என்று எந்தச் சாஸ்திரம் சொன்னாலும், அந்தச் சாஸ்திரத்தை ஒப்புக்கொள்ள நாம் தயாராயில்லை.