மாலையைக் கழற்றிய பிறகு

உத்திரமேரூர் என்றதும் குடவோலை நினைவுக்கு வராத தமிழர் இரார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனங்களின் பெருமையை மேடைதோறும் கேட்கிறோம். ஆனால் அவற்றில் ஒரு விதியை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. பாதகம் செய்தவன் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டாலும், அவன் பெயரை உயிருள்ளவரை குடத்தில் இடலாகாது என்பதே அது. மது அருந்துவது ஐம்பெரும் பாதகங்களில் ஒன்று என்பது சாஸ்திரம். சுத்தமானவன் என்று சபை ஒப்புக்கொள்கிறது. ஆனால் சபையில் இடந்தான் இல்லை! ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஆகியும், குடியை விட்டவனை நம் ஊர்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடத்துகின்றன.

குடியை விட நினைக்கும் கிராமத்து மனிதன் பெரும்பாலும் முதலில் நாடுவது கடவுளைத்தான். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறான். அல்லது செவ்வாடை உடுத்தி மேல்மருவத்தூருக்கு இருமுடி சுமக்கிறான். கிறிஸ்தவனானால் கோயிலில் பொருத்தனை செய்கிறான். படித்தவர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. நகைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? நேற்று வரை "டேய்" என்று அழைத்தவர்கள் இன்று "சாமி" என்கிறார்கள். விடியுமுன் குளியல், இரு வேளை பூஜை, மாலையில் பஜனை. பொழுது சாயும் நேரத்தில் கால் கடைப்பக்கம் திரும்ப அவகாசமே இல்லை. பழைய சகாவும் கூப்பிட அஞ்சுவான். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கிய "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" இயக்கமும், தன்னிலும் பெரிய சக்தியிடம் சரணடைவது, ஒத்த துயருற்றாரின் கூட்டம் என்ற இரண்டையுமே பற்றி நின்றது.

ஆயினும் பக்தியின் பேரால் இரண்டு தவறுகள் நடக்கின்றன.

ஒன்று உயிருக்கே ஆபத்தானது. ஆண்டுக்கணக்காக நாள்தோறும் குடித்தவன் மாலை போட்ட அன்றே திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துப் பிதற்றலும் மாயத்தோற்றங்களும் வரலாம். "சாமி வந்துவிட்டது" என்று வீட்டார் கைகூப்பி நின்றால் ஆளே போய்விடக்கூடும். அவனுக்கு அப்போது வேண்டியது டாக்டரும் மருந்தும், பி-1 வைட்டமினும். நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவத்தைக் கைவிட்டால் எங்கே போய் முடியும் என்பதை, 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு நெருப்பில் மாண்ட 28 மனநோயாளிகள் நமக்குக் காட்டிச் சென்றார்கள்.

மற்றொன்று, பிள்ளைப் பிராயத்துக் காயத்தைப் "பூர்வஜன்ம வினை" என்று மூடிவிடுவது. 1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் பெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆராய்ச்சி பிரசித்தமானது. அடி உதை, இழிசொல், பாலியல் கொடுமை, குடிகாரத் தகப்பன் போன்ற கொடுமைகளில் நான்கையோ அதற்கு மேலோ சிறு வயதில் அனுபவித்தவர்களுக்குக் குடிப்பழக்கம், தற்கொலை முயற்சி போன்ற அபாயங்கள் 4 முதல் 12 மடங்கு அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். தகப்பன் குடித்துவிட்டு வரும் காலடி ஓசைக்கு நெல் குதிர் மறைவில் பதுங்கிய பையன், முப்பது வயதில் தானும் குடிக்கிறான். இதில் முற்பிறவியைத் தேடுவானேன்? இந்தப் பிறவியிலேயே காரணம் கண்முன் இருக்கிறது. அதை அவன் யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். கேட்கக்கூடியவர் பூசாரியோ பாதிரியாரோ யாராயினும் சரி, "மறந்துவிடு" என்று வாயை அடைக்காதவராக இருக்க வேண்டும்.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவ மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் அழைத்துப் பேசுகிறது. கிராமங்களிலேயே முகாம் நடத்தியும் சிகிச்சை அளித்திருக்கிறது. அரசாங்கம் செய்யக்கூடாத வேலையல்ல இது. மதுவை 2003 முதல் தானே கடை வைத்து விற்கும் அரசாங்கத்துக்கு இந்தக் கடமை இரட்டிப்பு என்று சொல்லத் தேவையில்லை.

மண்டலம் முடிந்து மாலையைக் கழற்றியதும் "சாமி" மறுபடி "டேய்" ஆகிவிடுகிறான். வேலை தர ஆளில்லை. கடன் தர நம்பிக்கையில்லை. கடை மட்டும் திறந்திருக்கிறது. 2022 முதல் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சிகள் தினமாகக் கிராம சபை கூடுகிறது. கார்த்திகை பிறக்க அப்போது இரண்டு வாரம் இருக்கும். அன்று உத்திரமேரூர் வட்டாரத்து ஊராட்சிகள், மாலை போட இருப்போரை முன்கூட்டியே அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்யட்டும். மலையிலிருந்து திரும்பி வருகிறவனுக்கு ஏரி வேலையிலோ கோயில் வேலையிலோ பொறுப்பு ஒன்றைக் கொடுக்கவும் அன்றே தீர்மானம் போடட்டும்.