காலையில் கண்ணில் படுவதும் படாததும்

நம் மக்கள் வழியில் உள்ளதைக் கவனியாமல் போகின்றார்கள் என்று சிலர் குறை கூறுகின்றார்கள். இதை நாம் ஒருக்காலும் ஒப்புக்கொள்ள முடியாது. நம்மைப் போல் வழியைக் கவனித்து நடக்கின்றவர்கள் உலகத்தில் வேறு எங்காவது இருப்பார்களா என்பதே சந்தேகம். காலையில் வேலைக்குப் புறப்படும் ஒரு ஆசாமியைப் பாருங்கள். பூனை இடமிருந்து போயிற்றா, வலமிருந்து போயிற்றா என்று அவருக்குத் தெரியும். எதிரே வந்தது எண்ணெய்க் குடமா, புருஷனை இழந்த அம்மாளா என்று தெரியும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு 1931-ம் வருஷம் முதல் ஓடுகின்ற மின்சார வண்டியில் நெரிசலில் தொங்கினாலும், எந்தக் கோபுரத்துக்கு நேரே கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவருக்குத் தவறாது. சைதாப்பேட்டை வருமுன் அடையாற்றையும், எழும்பூர் வருமுன் கூவத்தையும் தாண்டும்போது கைக்குட்டை தானாகவே மூக்குக்குப் போய்விடுகின்றது. ஆகவே கண்ணிலும் குற்றமில்லை, மூக்கிலும் குற்றமில்லை.

அப்படியிருக்க, அதே தெருவில் சாக்கடை மூடியைத் திறந்து, இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு, கையில் மூங்கில் பிளாச்சுடன் ஒரு மனிதன் குழிக்குள் இறங்குகின்றானே, அவன் மாத்திரம் எப்படித் தெரியாமல் போகின்றான்? அவன் தலை ரோட்டு மட்டத்தில் இருக்கின்றது. பஸ் அவனைச் சுற்றிப் போகின்றது. மோட்டார் சைக்கிள்காரர் சேறு தெறிக்கிறதென்று முகம் சுளிக்கின்றார். குழியைப் பார்த்து விலகத் தெரிந்தவருக்குக் குழியிலிருக்கும் ஆளைப் பார்க்கத் தெரியவில்லை என்றால், தோழர்களே, இதை யார் நம்புவார்கள்?

சட்டம் இல்லையா என்றால், ஒன்றல்ல, இரண்டு இருக்கின்றன. 1993-ல் எடுப்புக் கக்கூசை ஒழிக்க ஒன்று செய்தார்கள். 2013-ல் செய்த சட்டமோ, தகுந்த பாதுகாப்பு இல்லாமல் சாக்கடையிலோ மலக்குழியிலோ ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கின்றது. ஜாமீனில் விடக்கூடாத குற்றம் என்கின்றது. சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொல்லி, 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்துக்கு 30 லட்சம்! உயிரோடு இறங்கும்போது ஒரு முகமூடிக்கும் காற்றுக் குழாய்க்கும் காசில்லை!

இன்னொரு விஷயம். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஒரு வாயு அந்தக் குழியில் உண்டாகின்றது. ஹைட்ரஜன் சல்பைடு என்பது அதன் பெயர். கொஞ்சமாயிருந்தால் நாறும். அதிகமாகிவிட்டாலோ மோப்பத்தையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கிற்று என்று நினைக்கின்றவன் அங்கேயே விழுவான். தூக்கப் போன அடுத்தவனும் அவன்மேல் விழுவான். இதற்கு விதி என்று பெயர் வைக்கின்றார்கள்! காற்றை அளக்கும் கருவியை முதலில் குழிக்குள் விட்டுப் பார்த்திருந்தால் விதி எங்கே போயிருக்கும்?

'கூலிக்குத்தானே இறங்குகிறான்' என்கின்றார்கள். கூலிதான் காரணமென்றால் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வரவேண்டுமே! காண்டிராக்டர் ஆள் தேடிப் போகும்போது வேறு தெருப்பக்கம் திரும்பிப் பார்த்ததுண்டா? கூலி கொடுக்கிறவன் மாறினாலும், சர்க்கார் மாறினாலும், குழிக்குள் இறங்கும் தெரு மாத்திரம் மாறக் காணோம்.

சர்க்காரையும் காண்டிராக்டரையும் மட்டும் சொல்லி நாம் நிறுத்தப் போவதில்லை. புதுவீட்டுக்குப் பூமி பூஜை, கணபதி ஹோமம், திருஷ்டிப் பூசணிக்காய் என்று ஆயிரக்கணக்கில் வாரியிறைத்த வீட்டுக்காரர், மலக்குழி நிரம்பியதும் உறிஞ்சும் லாரிக்கு வாடகை கட்டாது என்று இரண்டு ஆளைக் கூப்பிட்டு இறக்குகின்றாரே, அவரும் அதே சட்டப்படி குற்றவாளிதான். அவர் நாளைக் காலையில் நம்மோடு அதே வண்டியில் வருவார். யார் என்று கேட்காதீர்கள். நம்மிலேயே எத்தனை பேர் வீட்டு மலக்குழியை யார், எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.