பூனையின் காதில் கறுப்பு அழுக்கு



உரும்பிராயிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகன் 2007 இல் காணாமற்போனவர். அந்தப் பிள்ளை மழைக்குள் நனைந்து கிடந்ததென்று சந்தியிலிருந்து தூக்கிவந்த ஒரு குட்டியின் வழியில் வந்த பூனைதான் இன்று அவருக்கு வீட்டிலுள்ள ஒரே துணை.

“ஒரு மாதமாக இரண்டு காதையும் இரவு பகலாகச் சொறிகிறது. உள்ளே கோப்பித் தூள் மாதிரிக் கறுப்பாக அழுக்கு. துடைக்கத் துடைக்கத் திரும்ப வருகிறது. மண்ணெண்ணெய் இரண்டு துளி விட்டால் சரி என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். விடலாமா? பூனையைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனால் சனம் சிரிக்காதா?” என்று கேட்கிறார்.

முதலில் அவசரமான பதில்: மண்ணெண்ணெய் விடவே வேண்டாம், அம்மா. அது காதின் மெல்லிய தோலை எரித்துப் புண்ணாக்கும். பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. காதில் விட்டது காலில் பட்டு, காலிலிருந்து வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். டெற்றோல் போன்ற கிருமிநாசினிகள், ஸ்பிரிட் எதுவும் கூடாது. வலிக்கு என்று பனடோல் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு குளிசையே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இனி அந்த அழுக்கு என்னவென்று பார்ப்போம். சுகமான பூனையின் காது உட்புறம் வெளிர் சிவப்பாக இருக்கும். சிறிதளவு மெழுகு இருக்கலாம், மணம் இராது. அப்படியான காதை நாம் சுத்தம் செய்யத் தேவையில்லை. கோப்பித் தூள் போன்ற காய்ந்த கறுப்பு அழுக்கும் கடும் சொறிச்சலும் இருந்தால், பெரும்பாலும் அது காதுச் சிற்றுண்ணியின் வேலை. இது அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த வெள்ளைப் பூச்சி. அழுக்கில் கொஞ்சத்தைக் கறுப்புத் துணியில் தட்டி, வெயிலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் அசைவது தெரியலாம். ஒரு பூனையிலிருந்து மற்றப் பூனைக்கும் நாய்க்கும் எளிதில் தொற்றும். தாயிடமிருந்து குட்டிகளுக்கு வருவதே அதிகம்.

கறுப்பு அழுக்கெல்லாம் உண்ணியும் அல்ல. எண்ணெய்ப் பிசுக்கோடு புளித்த மணம் வந்தால் பூஞ்சணமாக இருக்கலாம். மஞ்சள் சீழும் நாற்றமும் என்றால் கிருமித் தொற்று. காதின் ஓரம் தடித்து, பொருக்குக் கட்டி, முகத்துக்கும் பரவினால் அது ஒருவகைச் சிரங்கு. அந்தச் சிரங்கு பூனையைத் தூக்குகிறவர்களின் கையிலும் சொறிச்சலை உண்டாக்கும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஆகவேதான் கண்டபடி மருந்து விடக்கூடாது என்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது வெளிக்காதைத் துடைப்பது மட்டும்தான்.

1. பூனை சாப்பிட்டு அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். பழைய துவாயால் தலை மட்டும் வெளியே தெரியச் சுற்றி மடியில் வையுங்கள். இன்னொருவர் பிடித்தால் சுகம்.

2. கொதித்தாறிய தண்ணீர் இளஞ்சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீருக்குப் பூனை துள்ளும். பஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்துவிடுங்கள்.

3. காது மடலை மெதுவாகப் பின்னுக்கு விரித்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் உள்ளிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுங்கள்.

4. பொருக்கு இறுகி ஒட்டியிருந்தால் பஞ்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு மடலில் பூசி, சற்று ஊறவிட்டுத் துடையுங்கள். உரித்து எடுக்க வேண்டாம்.

காதுக் குச்சி, நெருப்புக்குச்சி, கொண்டை ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். பூனையின் காதுத் துவாரம் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்ளுக்குத் திரும்புகிறது. குச்சி விட்டால் அழுக்கு அந்தத் திருப்பத்தில் போய் அடைக்கும். செவிப்பறை கிழியவும் கூடும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில காது மருந்துகள் உட்காதையே கெடுத்துவிடும். அதனால் துளி மருந்து விடுமுன் மிருக வைத்தியர் காதுக்குள் பார்க்க வேண்டும். மனிதருக்குத் தந்த காது மருந்தில் மிச்சம் இருந்தாலும் அதை விட வேண்டாம்.

துடைப்பதால் மட்டும் உண்ணி போகாது. முட்டை பொரித்து வளர்ந்த பூச்சியாக ஏறத்தாழ மூன்று கிழமை செல்லும். சொறிச்சல் குறைந்ததென்று இடையில் நிறுத்தினால் மிச்ச முட்டைகளிலிருந்து மறுபடி தொடங்கும். பிடரியில் தோலில் விடும் செலமெக்ரின் போன்ற மருந்துகள் உண்டு. ஐவர்மெக்ரினும் பாவிக்கிறார்கள். ஆனால் மாட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தை மட்டுமட்டாகப் பூனைக்குக் கொடுப்பது ஆபத்து. அளவு பூனையின் நிறையைப் பொறுத்தது. நாய்களுக்கு விற்கும் பெர்மெத்ரின் சேர்ந்த மருந்து பூனையைக் கொல்லும். வீட்டில் வேறு பூனை, நாய் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் மருந்து செய்யுங்கள். அது படுக்கும் துணியைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள்.

தலை ஒரு பக்கம் சரிந்தால், வட்டமாகச் சுற்றி நடந்தால், விழுந்து எழும்பினால், கண்மணி ஆடினால், காது மடல் பலூன் போல வீங்கினால் ஒரு நாளும் பிந்த வேண்டாம். வருத்தம் உள்ளே இறங்கியிருக்கலாம். வீங்கிய மடலில் இருப்பது இரத்தம். ஊசியால் குத்தாதீர்கள். வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் ஆறாத புண் இருந்தாலும் காட்டுங்கள். வெயிலால் அங்கே புற்றுநோய் வருவதுண்டு.

பிடிக்கும்போது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசமாகப் போடுவார்கள். அந்த நோய் பூனையாலும் வரும்.

அம்மா, உரும்பிராய் கோப்பாய்ப் பிரதேச செயலர் பிரிவுக்குள் வருகிறது. உங்கள் பிரிவுக்குரிய அரச மிருக வைத்தியர் எந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பார் என்று கிராம சேவையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் அவர் என்று எண்ண வேண்டாம். மூடியுள்ள கூடையில் பழைய சேலைத் துணி விரித்து, அதற்குள் பூனையை வைத்துக் கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, என்னென்ன பூசினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சனம் சிரிக்குமா என்று கேட்டீர்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் கையில் எடுத்ததோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, மாடுகளை அவிழ்த்துவிட்டு, பூனைகளை அடுப்படியில் விட்டுவிட்டுப் போனோம். அன்று திரும்பிப் பார்த்துக்கொண்டு போனவர்கள் யாரும் இன்று உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். செல் சத்தத்தில் காது கெட்டு, இன்றைக்கும் இரைச்சலோடு படுக்கிற சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். காது வருத்தம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அன்று தூக்கிக்கொண்டு போக வழியிருக்கவில்லை. இன்று கூடை இருக்கிறது, பஸ் ஓடுகிறது. நாளைக்கே போங்கள். மூன்று கிழமை மருந்தை விடாமல் செய்து, குணமானதும் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், அம்மா.