ஆறு வயதுக்கு முந்தைய மொழி

ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களில் நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் தரகர்கள் முன்பணத்தோடு ஊருக்குள் வருவார்கள். அப்பணத்தைப் பெற்றுப் புறப்படும் குடும்பங்களில் ஒரு பகுதி, தமிழகத்தின் திருவள்ளூர் மாவட்டத்தில் சேம்பர் எனப்படும் செங்கல் சூளைகளில் வந்து இறங்குகிறது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே கணக்கில் கல் அறுக்கும் வேலை அது. விடியலுக்கு வெகு முன்பே மண் பிசையத் தொடங்கும் தாய், கைக்குழந்தையைப் புடவைத் தூளியில் இட்டு, அதை ஆட்டும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விட்டுச் செல்கிறாள். வெயில் ஏறியதும் அந்த மூத்த பிள்ளையும் ஈரக் கல்லைப் புரட்டிக் காயவைக்கப் போய்விடுகிறது. தூளியில் கிடக்கும் குழந்தையோடு பேச அதன்பின் எவருமில்லை.

இக்குடும்பங்களின் கூலி குறித்தும் முன்பணக் கட்டு குறித்தும் எழுந்த குரல்கள் பல. அவை இன்னும் உரக்க எழவேண்டும். நாம் இன்று கேட்பது, அந்தத் தூளிக் குழந்தைக்கு மொழி எவ்வழியாக வந்து சேரும் என்பது.

முதல் மொழியைக் குழந்தைக்கு எவரும் பாடமாகக் கற்பிப்பதில்லை. கருவறையிலேயே தாயின் குரலுக்குப் பழகிப் பிறக்கும் சிசு, பிறந்த சில நாள்களுக்குள் அக்குரலைப் பிறர் குரலினின்று பிரித்தறிகிறது என்பதை 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் காட்டினர். 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் கண்டறிந்த உண்மை நமக்கு இன்னும் நெருக்கமானது. நாவை வளைத்து ஒலிக்கும் டகரத்துக்கும் பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரத்துக்கும் இந்தியில் உள்ள வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் நன்கு உணர்ந்தன. ஓராண்டு நிறையும் தறுவாயில் அத்திறன் பெரிதும் மங்கிவிட்டது. சுற்றிலும் புழங்காத வேறுபாட்டைச் செவி கைவிடுகிறது, புழங்குவதைக் கூர்மைப்படுத்திக்கொள்கிறது. அந்த வேறுபாடு தமிழுக்கும் உண்டு, தெலுங்குக்கும் ஒடியாவுக்கும் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்து எளாவூர்க் குழந்தையும் பலாங்கிர்க் குழந்தையும் அவ்வளவில் ஒரே செவிச்செல்வத்துக்கு உரியவை. ஆனால் அச்செல்வம் சேர, பக்கத்தில் பேச்சு நிகழவேண்டும்.

பேச்சு காதில் விழுந்தால் மட்டும் போதுமா? போதாது. 2003-இல் பாட்ரிசியா குல் என்பாரின் குழு அமெரிக்காவில் இதனைச் சோதித்தது. ஒன்பது மாதக் குழந்தைகளின் அருகில் அமர்ந்து, பொம்மை காட்டி, கதைப்புத்தகம் புரட்டி, சீன மொழியில் பேசினார்கள். பன்னிரண்டு அமர்வுகளில் அம்மொழிக்குரிய ஒலி வேறுபாடு குழந்தைகளுக்குப் பிடிபட்டது. அதே பேச்சைத் தொலைக்காட்சித் திரையில் பெற்ற குழந்தைகளுக்கு அது பிடிபடவேயில்லை. பேசுபவரின் கண் எங்கே செல்கிறது, கை எதைச் சுட்டுகிறது, தான் எழுப்பும் மழலைக்கு மறுமொழி வருகிறதா என்பவற்றையெல்லாம் குழந்தை கவனித்தே சொல்லைப் பொருளோடு பிணைக்கிறது. அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வரிசை வீடுகளில், நெடுநேர வேலை முடித்துத் திரும்பும் பெற்றோர் அழும் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுப்பதைக் காண்கிறோம். அவர்களைக் கடிவதற்கு நமக்கு உரிமையில்லை. உருக்காலை வெக்கையில் உழன்று வந்த உடலுக்கு உறக்கம் வேண்டும். ஆயினும் திரையிலிருந்து எழும் ஒலி, மடியிலிருந்து எழும் சொல்லுக்கு ஈடாகாது.

வேற்று மொழிச் சூழல் குழந்தையைக் குழப்பிவிடும் என்னும் அச்சம் பலரிடம் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துப் பக்கம் சென்று பார்த்தால் அச்சம் தீரும். அம்மாவோடு தெலுங்கிலும் அடுத்த வீட்டு அத்தையோடு தமிழிலும் பேசும் பிள்ளைகள் அந்த எல்லையூர்களில் தலைமுறை தலைமுறையாக வளர்கிறார்கள். இரண்டையும் கலந்து பேசுவது சிறு பருவத்து இயல்பு. ஆளறிந்து மொழி மாற்றும் அறிவு அவர்களுக்கு விரைவிலேயே வந்துவிடுகிறது. குழந்தைக்குக் கேடு மொழிகள் மிகுவதால் நேர்வதன்று, பேசும் மனிதர்கள் குறைவதால் நேர்வது. ஆகவே, தம் தாய்மொழியை விடுத்துத் தமக்கே சரிவர வராத மொழியில் குழந்தையோடு பேசுமாறு புலம்பெயர்ந்த பெற்றோருக்கு அறிவுரை கூறுவது பெருந்தவறு. தாய் தன் மொழியில் தாராளமாகப் பேசட்டும். தமிழ் அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேரும்.

நம் சட்டங்கள் இங்கேதான் பிந்திவிடுகின்றன. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் வசதியை வலியுறுத்துகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியே பயிற்றுமொழியாகட்டும் என்கிறது. அதன் கணக்கு ஆறு வயதில் தொடங்குகிறது. அதற்குள் குழந்தையின் மொழிக்கு அடித்தளம் போடப்பட்டுவிடுகிறது, அல்லது போடப்படாமலே போய்விடுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. ஆண்களே மிகுந்த உருக்காலைகள் அந்த எண்ணிக்கைக்குள் எளிதில் வரவில்லை. காப்பகம் அமைந்த இடங்களிலும் நிழல், பால், தூக்கம் ஆகியவற்றோடு கடமை முடிந்ததாக எண்ணப்படுகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு நற்பெயர் உண்டு. ஒடிசாவிலிருந்து ஆசிரியர்களையும் ஒடியாப் பாடநூல்களையும் வரவழைத்துச் சேம்பர்களின் அருகிலேயே வகுப்புகள் நடத்திய மாவட்டம் இது. இரு மாநில நிருவாகங்கள் மனம் வைத்ததால் அது கைகூடியது. அதே அக்கறை மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் எட்டவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்குப் பெருங்கட்டடம் தேவையில்லை. கல் அறுக்க வந்த குடும்பங்களிலிருந்தே, கதையும் பாட்டும் அறிந்த மூத்த பெண்கள் இருவரைக் கூலி கொடுத்து அமர்த்தினால், அவர்கள் தம் சொந்தப் பேச்சில் குழந்தைகளோடு நாள் முழுதும் பேசுவார்கள். மேற்கு ஒடிசாவின் பேச்சு, பாடநூல் ஒடியாவிலிருந்து வேறுபட்டது என்பதால், அந்த ஊர்ப் பெண்ணே இப்பணிக்கு முதல் தகுதி உடையவர். அருகிலுள்ள அங்கன்வாடியின் தமிழ்ப் பணியாளர் நாள்தோறும் சிறிது நேரம் வந்து அவர்களோடு இருக்கட்டும். அந்த இரு பெண்களின் கூலியைச் சேம்பர் உரிமையாளரும் அரசும் பகிர்ந்து ஏற்கவேண்டும். சேம்பர்களில் ஆள் கணக்கு எடுக்கும்போது கல் அறுக்கும் கைகளையே எண்ணுகிறார்கள். இந்தப் பருவத்துக் கணக்கில் தூளிகளையும் எண்ணுமாறு மாவட்ட ஆட்சியர் ஆணையிடவேண்டும்.