வீட்டை இழுத்துக்கிட்டு மலை ஏறாதீங்க

வண்ணாரப்பேட்டையில இருக்கிற என் தங்கச்சி மகன் லீவுக்கு ஒரு திட்டம் போட்டிருக்கான். சினிமா நடிகருங்க வெச்சிருக்கிற மாதிரி ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோட மேட்டுப்பாளையம் வழியா ஊட்டி, அப்புறம் கொடைக்கானல், அங்கிருந்து கன்னியாகுமரி. அங்க படகேறி விவேகானந்தர் பாறை. "கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டியிலேயே இருக்கு மாமா. வழியில யாரையும் எதுக்கும் எதிர்பார்க்க வேண்டாம்"னு சொன்னான்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்கு ஒத்துக்கல. நான் மலையடிவாரத்துல கொஞ்சம் வாழையும் கறிவேப்பிலையும் வெச்சுப் பொழைக்கிறவன். மலைக்குப் போற வண்டி எங்க பக்கத்தைத் தாண்டித்தான் போகணும். அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன்.

யாரையும் எதிர்பார்க்காதவன் யார்கிட்டயும் எதுவும் வாங்கவும் மாட்டான். பஸ்ல வர்றவர் இறங்கி டீ குடிப்பார், ஒரு சீப்பு பழம் வாங்குவார், மெஸ்ஸுல சாப்பிடுவார். கேரவன்காரர் அரிசி, பருப்பு, தண்ணி கேன் எல்லாத்தையும் பட்டணத்துலயே ஏத்திக்கிட்டு வருவார். சரி, அது அவர் காசு. ஆனா சமைச்ச மிச்சம், பிளாஸ்டிக் பை, கக்கூஸ் தொட்டியில நிறையறது, இதையெல்லாம் திரும்ப வண்ணாரப்பேட்டைக்கா கொண்டு போவார்? ராத்திரியில எங்காவது ஒரு வளைவுல, ஒரு ஓடைப் பக்கமா தொட்டியைத் திறந்து விட்டா யாருக்குத் தெரியும்? அந்த ஓடைத் தண்ணி கீழ எங்க வாய்க்காலுக்குத்தான் வரும். கல்லாறு பக்கம் யானை கடக்கிற தடம் இருக்கு. வாசனைக்கு வந்து பாலித்தீனோட சேர்த்துத் தின்னும். 2019 ஜனவரியில இருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியற பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. நீலகிரியில அதுக்குப் பல வருஷம் முன்னாடியே தடை. இருந்தும் ரோட்டோரத்துல கிடக்கிறதை நான் தினம் பார்க்கிறேன்.

அடுத்தவன் குப்பை நம்ம வாசல்ல வந்து விழுந்தா எப்படி இருக்கும்னு வடசென்னைக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கொடுங்கையூர்ல ஏக்கர் கணக்குல சென்னையோட குப்பை குவிஞ்சு கிடக்கு. அது தீப்பிடிச்சா புகை கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைன்னு வீட்டுக்குள்ள வருது. எண்ணூர் முகத்துவாரத்துல 2023 டிசம்பர்ல எண்ணெய் கலந்தப்போ மீனவர் வலையெல்லாம் கருப்பாச்சு. கொடுங்கையூர்ல எரிஉலை வேண்டாம்னு 2025ல மக்கள் மனிதச் சங்கிலியா நின்னாங்க. நியாயமான போராட்டம். அதே நியாயம் மலைக்கும் உண்டுதானே?

மலைக்கு ஒரு கொள்ளளவு இருக்குன்னு நீதிமன்றமே சொல்லிடுச்சு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல்ல கோடை சீசனுக்குக் கணக்கே வெச்சாங்க: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அந்த வரம்பு கிடையாது. நாலு பேருக்கு ஒரு வீட்டையே மலை மேல இழுத்துட்டுப் போறதை விட, அம்பது பேர் ஒரு பஸ்ல போறது மலைக்கு நல்லதுன்னு இதுக்கு அர்த்தம்.

"வயசானவங்க, பொம்பளைங்க வழியில கக்கூஸுக்கு எங்க போவாங்க?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. ஆனா அதே கஷ்டம் சந்தைக்குப் போற எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கும் இருக்கு, தேயிலை பறிக்கப் போறவங்களுக்கும் இருக்கு. காசுள்ளவர் தனக்கு மட்டும் சக்கரம் வெச்ச கக்கூஸ் வாங்கிட்டா, ரோட்டுல சுத்தமான கழிப்பறை கட்டச் சொல்லி யார் கேட்பா? கேட்டா அதிகாரி காதுல விழற குரல் உங்க குரல்தான். கேரள அரசு 2021ல கேரவன் சுற்றுலா கொண்டு வந்தப்பவே வண்டி நிறுத்தக் கேரவன் பார்க்குன்னு தனி இடம் வேணும்னு சேர்த்தே சொல்லிச்சு. அதுகூட இல்லாம கண்ட இடத்துல நிறுத்தறதுக்குச் சுற்றுலான்னு பேர் வைக்க முடியாது.

கன்னியாகுமரியில என்ன நடக்குதுன்னு பாருங்க. பூம்புகார் கப்பல் கழகத்தோட படகுல எவ்வளவு பெரிய வண்டிக்காரரும் வண்டியைக் கரையில விட்டுட்டுத்தான் ஏறணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி லைஃப் ஜாக்கெட். கடல் சீறினா படகு கிடையாது, காத்திருக்கணும். யாரும் சண்டை போடறதில்லை. கடலுக்குக் கொடுக்கிற இந்த மரியாதையை மலைக்கு ஏன் கொடுக்க மாட்டேங்கறோம்?

தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856ல உங்க ராயபுரத்துல இருந்துதான் கிளம்புச்சு. இன்னைக்கும் சென்ட்ரல்ல ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினா விடியக்காலையில மேட்டுப்பாளையம். அங்கிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் மலை ரயில், பல் சக்கரம் பிடிச்சு ஏறும். 2005லயே யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு சொன்னது அதைத்தான். டிக்கெட் கிடைக்கலைன்னா பஸ் இருக்கு.

மலைக்கு வர வேண்டாம்னு நான் சொல்லல. வாங்க, தங்குங்க, எங்க கடையில சாப்பிடுங்க, பேரம் பேசியே பழம் வாங்குங்க. வீடு மட்டும் வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கட்டும்.