எண்ணெய், சர்க்கரைப் பலகையும் சறுக்கிய மறுநாளும்

ஒன்றிய சுகாதாரத் துறைச் செயலர் 2025 ஜூன் 21 அன்று எல்லா அமைச்சகங்களுக்கும் துறைகளுக்கும் எழுதிய கடிதத்தை இதற்குள் நம் வாசகர்கள் படித்திருப்பார்கள். உணவகம், வரவேற்புக் கூடம், கூட்ட அறை ஆகிய இடங்களில் உணவுகளில் உள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை வைக்க வேண்டும். கடிதத்தாள், உறை, குறிப்பேடு ஆகியவற்றில் உடல்நல வாசகங்களை அச்சிட வேண்டும். படிக்கட்டில் ஏறிச் செல்ல ஊழியர்களை ஊக்குவிக்க வேண்டும். சிபிஎஸ்இ மே மாதமே தன் பள்ளிகளுக்குச் சர்க்கரைப் பலகையை அறிவித்துவிட்டது. பலகையில் எழுத வேண்டிய கணக்கைக் கேட்டு நிர்வாகங்கள் இனி உணவியலாளர்களாகிய நம்மிடம்தான் வரும். ஆகவே நம் நிலைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. உணவகத்தில் பலகை வைப்பதை இந்த இதழ் ஆதரிக்கிறது. எடை பார்க்கும் இடத்திலும் ஆலோசனை அறையிலும் வைப்பதை எதிர்க்கிறது.

ஆதரவுக்கான காரணங்கள் நமக்குப் பழையவை. தமிழ்நாட்டில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ள பெண்கள் நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 விழுக்காடு, ஐந்தாவதில் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37.0. இந்தியாவில் அதிக எடையுள்ள பெரியவர்களின் எண்ணிக்கை 2050இல் 44.9 கோடியைத் தொடும் என்ற மதிப்பீட்டை அமைச்சகக் கடிதமே எடுத்துக்காட்டுகிறது. அலுவலகக் கேண்டீனில் வடையின் எண்ணெய்க் கணக்கைப் பார்த்து ஒருவர் சுண்டலுக்கு மாறினால் நல்லதுதான்.

கடைகளைப் பற்றிய பயமும் இப்போது இல்லை. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகம் வரப்போகிறது என்று செய்தி பரவியபோது, விற்பனையாளர்களின் பண்டங்களுக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று ஜூலை நடுவில் அரசு விளக்கம் தந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதனால் இடைஞ்சல் எதுவுமில்லை. ஜூலை 28 அன்று ஆடிப்பூரத் தேர் ஓடியது. வந்தவர்கள் கால் கிலோ, அரைக் கிலோ என்று வழக்கம்போல் வாங்கிப் போனார்கள். அந்தப் பொட்டலங்கள் போய்ச் சேர்ந்த வீடுகளில் நம் பயனாளிகளும் இருக்கிறார்கள். நம் கவலை அங்கிருந்து தொடங்குகிறது.

பலகை பேசுவது சாப்பிடுவதற்கு முந்தைய நிமிடத்தில் நிற்பவரிடம். எடை குறைக்க ஆறு மாதமாகப் பாடுபடும் ஒருவருக்கு அந்தச் செய்தி புதிதல்ல. பால்கோவாவில் என்ன இருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அவரைக் கவிழ்ப்பது முதல் துண்டுக்குப் பின்னால் வரும் மணி நேரங்கள். ஒரு துண்டு வாயில் போட்டாயிற்று, இன்றைய கட்டுப்பாடு போயிற்று, பொட்டலத்தையும் முடித்துவிடலாம், திங்கட்கிழமையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம். “முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்கு” என்று நம்மிடமே சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். திங்கட்கிழமை வருகிறது. எடை கூடியிருக்குமே என்ற கூச்சத்தில் அந்த மாதம் பரிசோதனைக்கு வருவதில்லை. மூன்று மாதம் கழித்து வரும்போது இழந்த எடை முழுவதும் திரும்பியிருக்கிறது.

இந்த வரிசையை நாம் எல்லோரும் பாடமாகப் படித்தவர்கள். ஹெர்மனும் மேக்கும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்தி வாழ்பவர்கள் மில்க்ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துச் சாப்பிடுவதற்கு மாறாகக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். மார்லட்டும் கார்டனும் 1985இல், ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது அந்தச் சறுக்கலைப் பற்றி ஒருவர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் கதை என்று காட்டினார்கள். ஆடம்ஸும் லியரியும் 2007இல் இன்னும் ஒரு படி போனார்கள். இனிப்பு சாப்பிட்ட கட்டுப்பாட்டுக்காரர்களிடம், இதற்காகத் தன்னை நொந்துகொள்ள வேண்டாம் என்று பரிவாக நாலு வார்த்தை சொல்லப்பட்டது. அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பிறகு குறைவாகவே சாப்பிட்டார்கள். பரிவு காட்டினால் பயனாளி கெட்டுப்போவார் என்று நம் மருத்துவமனைகளில் ஆழமாக ஊறியிருக்கும் நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது.

எடைக்கருவிக்கு மேலே பலகை மாட்டக் கூடாது என்று நாம் சொல்வது இதனால்தான். பயனாளி ஏற்கெனவே கூனிக் குறுகி நிற்கும் இடம் அது. பல இடங்களில் வரிசையில் நிற்பவர் அத்தனை பேர் காதிலும் விழும்படி எடையைக் கூவி எழுதுகிறார்கள். “போன தடவையைவிட ஏறிருச்சே, என்ன தின்னீங்க?” என்ற கேள்வி அங்கேயே வருகிறது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் யார் சொல்வார்கள்? “ஒண்ணும் திங்கல” என்பார்கள். அந்த ஒரு பொய்யோடு நம் உணவு வரலாறு முழுவதும் பயனற்றுப் போகிறது. தலைக்கு மேலே கரண்டி கரண்டியாகச் சர்க்கரை வரைந்த படமும் தொங்கினால் பொய் இன்னும் சுலபமாக வரும்.

மறைக்கப்பட்ட சறுக்கல் ஆபத்தானதும்கூட. ராஜபாளையம் மில்களில் முழு நைட் பார்க்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். காலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது தூக்கமும் இல்லை, பசியும் அடங்கவில்லை. புரோட்டாவும் சால்னாவும் திட்டத்தை மீறிப் போய்விடுகின்றன. ஈடுகட்ட மதியச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு அடுத்த நைட்டுக்குப் போகிறார். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் வழக்கம்போல் உள்ளே போகிறது. இனிப்பு சாப்பிட்ட நாளில் மாத்திரையை இரட்டிப்பாகப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இயந்திரம் ஓடும் இடத்தில் தாழ்சர்க்கரை வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. நேற்று அதிகம் சாப்பிட்டதை அவர் நம்மிடம் கூச்சமில்லாமல் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தடுத்திருக்கக்கூடிய விபத்து அது.

நம் பங்குக்கும் குறை உண்டு. நாம் கொடுக்கும் உணவு அட்டைகளை எடுத்துப் பாருங்கள். சேர்க்க வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை என்று இரண்டு பத்திகள். தவிர்க்க வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பத்தி பெரும்பாலான அட்டைகளில் இல்லை. ஆடிப்பூரம், தீபாவளி, அக்கா மகள் கல்யாணம் எதுவும் இல்லாத ஆண்டு ஒன்றுக்காக அவற்றை எழுதியிருக்கிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பணியாற்றும் நமக்கு இதில் ஊரே ஒரு வழி காட்டுகிறது. இந்த ஊரின் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் இரண்டாம் பாட்டில் நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாட்டில் நெய் வழியும் பாற்சோற்றை எல்லோரும் கூடி உண்கிறார்கள். அந்தப் பாட்டுக்குரிய கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் உண்டவர் யாரும் நோன்பு கெட்டுவிட்டது என்று அழுவதில்லை, மீதி மூன்று பாட்டையும் விட்டுவிடுவதும் இல்லை. விருந்துக்கு நோன்புக்குள்ளேயே ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. மறுநாள் விடிகாலையில் அடுத்த பாட்டு. மார்கழியில் இதை ஆண்டுதோறும் செய்து பழகிய மக்களிடம், பால்கோவா என்ற பேச்சே கூடாது என்று அட்டை எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எவ்வளவு, என்றைக்கு, யாரோடு என்று முன்கூட்டியே குறித்துத் தருவது அவர்களுக்கு எளிதில் புரியும்.

குறித்ததை மீறும் நாளும் வரும். அந்த நாளுக்கு நாம் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். அடுத்த வேளைச் சாப்பாட்டை அதன் நேரத்தில், அதன் அளவில் சாப்பிடுங்கள். பட்டினி வேண்டாம். மாத்திரையின் அளவில் கை வைக்க வேண்டாம். மூன்று நான்கு நாளைக்கு எடை பார்க்க வேண்டாம். கால் கிலோ பால்கோவா ஏறக்குறைய ஆயிரம் கிலோகலோரி; ஒரு கிலோ கொழுப்பு சேர 7700 அளவில் வேண்டும். விருந்துக்கு மறுநாள் கருவி காட்டும் ஒன்றரைக் கிலோவில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் முகம் தெளிவதைப் பார்க்கலாம். முகம் தெளிந்த பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம்: அப்போது மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தீர்கள், எவ்வளவு தூங்கியிருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகா, சண்டைக்குப் பிறகா, விருந்தாளி வற்புறுத்தியா என்பது தெரிந்தால் அடுத்த முறைக்கு ஏற்பாடு செய்ய முடியும். கட்டுப்பாடு கைவிட்டுப் போன உணர்வோடு வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக நடக்கிறது என்றால் அது நம் கையில் மட்டும் நிற்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு நாமும் தொடர வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், ஆள் வேண்டும். பலகையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதை அழுத்திச் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் 16 அடிப்படை அமர்வுகளில் ஒன்று முழுவதும் சறுக்கலைச் சமாளிப்பதற்கே ஒதுக்கப்பட்டது. நீரிழிவு உருவாவதை 58 விழுக்காடு குறைத்ததாக 2002இல் வெளியான அதன் வெற்றியை மேடைதோறும் மேற்கோள் காட்டும் அதிகாரிகள் அந்த அமர்வைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, வாழ்க்கைமுறை ஆலோசனையால் மட்டுமே நீரிழிவு வரும் வாய்ப்பில் 28.5 விழுக்காடு குறைவை 2006இல் காட்டியது. தொடர்ந்து அனுப்பும் கைப்பேசிக் குறுஞ்செய்திக்கே பலன் உண்டு என்பதையும் அதே குழு 2013இல் நிறுவியது. தமிழ் மண்ணிலேயே சான்று கிடைத்து இத்தனை ஆண்டாகிறது. தொடர்ந்து பேசும் ஒரு மனிதருக்கான பணியிடம் மட்டும் வரவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்த்த அந்தத் திட்டத்தை மனமார மதிக்கிறோம். அந்தக் குழுவில் பெண் சுகாதாரத் தன்னார்வலர், நோய்த்தணிப்புச் செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர் இருக்கிறார்கள். உணவியலாளர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நமக்கு நாற்காலி இல்லை. அதே 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதார நலத் தொழில்வல்லுநர்கள் ஆணையச் சட்டம் நம்மைத் தொழில்வல்லுநர் என்று பெயர் சொல்லி அழைக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் பணியிடம் கொடுக்கவில்லை. வந்தவரிடம் “எண்ணெயைக் குறைங்க, இனிப்பை விடுங்க, அடுத்தவங்க வாங்க” என்பதற்குள் முடியும் ஆலோசனைக்கு ஆலோசனை என்று பதிவேட்டில் எழுதுவதும் தொடர்கிறது. 2025 மார்ச்சிலும் ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளை நிறுத்தியவர்களுக்கு எடை திரும்புகிறது என்பதும் ஆய்வில் வந்துவிட்டது. அவர்களும் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கும் தருவதற்கு அரசிடம் ஒரு பலகைதான் இருக்குமா? உறையில் வாசகம் அச்சிடக் காசு இருக்கிறது என்றால் வட்டாரத்துக்கு ஓர் உணவியலாளரை அமர்த்தவும் வழி தேட வேண்டும். மாநில அரசிடமும் ஒன்றிய அரசிடமும் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறோம்.

தொற்றாநோய்ப் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேர்க்கும்படியும் கேட்கிறோம். எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை எழுதும் வரிசையில், கடந்த மாதம் திட்டத்தை மீறிய நாள், அதற்கு மறுநாள் செய்தது என்று ஓர் இடம் வேண்டும். எழுத இடம் இருந்தால் கேட்பார்கள். கேட்டால் சொல்வார்கள்.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் தீபாவளியும் வரிசையாக வருகின்றன. அதற்குள் உங்கள் உணவு அட்டையின் பின்பக்கத்தில் சறுக்கிய மறுநாளுக்கான நாலு வரியை அச்சிட்டுவிடுங்கள். எடைக்கருவியைத் திரைக்குப் பின்னால் நகர்த்துங்கள். பலகையை எடை அறையில் மாட்டச் சொன்னால் மறுப்பை எழுத்தில் கொடுங்கள், காரணத்தோடு.